ஞான ஒடுக்கம்: சொல்லும் பொருளும்

அன்றாட வேலை, பேச்சு, செய்தி எல்லாவற்றையும் விட்டுக் குறிப்பிட்ட நாள்களுக்கு விலகி, மௌனத்தில் இறைவனோடு தங்குவதே ஞான ஒடுக்கம். புதுச்சேரி, கடலூர்க் கத்தோலிக்கப் பங்குகளில் (ஆலயச் சமூகங்களில்) இப்போது 'ரிட்ரீட்' அல்லது 'தியானம்' என்ற பேச்சே அதிகம்.

'ரிட்ரீட்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் வேர், 'பின்னுக்கு இழு' என்று பொருள்படும் லத்தீன் வினை. பிரெஞ்சில் 'ரெத்ரெத்' என்றால் படை பின்வாங்குவதும் உண்டு, பணி ஓய்வும் உண்டு, ஓய்வூதியமும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா (சிப்பாய்) குடும்பங்கள் வாழும் புதுச்சேரியில் அந்தச் சொல்லைக் கேட்டால் பென்ஷன்தான் முதலில் நினைவுக்கு வரும்.

ஒடுக்கம் என்றதும் 'ஒடுக்குமுறை' நினைவுக்கு வந்து சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. ஒடுக்குவது பிறரை, ஒடுங்குவது தானே. 'ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' என்கிறது குறள் 486. சண்டைக்கடா பாய்வதற்கு முன் பின்னால் நகர்கிறதே, அதுதான் அங்கே ஒடுக்கம். பயந்து ஓடுவதன்று, வலுச் சேர்ப்பது. ரிட்ரீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

'தியானம்' இங்கே குழப்பும். தவக்காலத் தியானம் என்றால் மாலைதோறும் ஒலிபெருக்கியில் பிரசங்கம், பாட்டு, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை). நல்ல காரியம்தான், ஆனால் அதில் மௌனம் இல்லை. 'மௌனம்' முனி என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது; ஒடுக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறது. 'வாய்வாளாமை' பழந்தமிழ்தான். ஆனால் மணிமேகலை அதை வினாவுக்கு விடைசொல்லும் நான்கு வகைகளில் ஒன்றாக வைக்கிறது: பதில் தராமல் இருந்துவிடுவது. ஜெபத்தில் நடப்பது அதற்கு நேர்மாறு.

இன்றைய முறை பெரிதும் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலின் வழி வந்தது. 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். முழு அளவு ஏறக்குறைய 30 நாள், நான்கு 'வாரங்கள்'. நாளுக்கு ஐந்து ஜெபம் வரை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இதன் சுருக்கமே 8 நாள் ஒடுக்கம். வேலையை விட முடியாதவர்கள் வீட்டிலிருந்தே நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யலாம் என்று நூலின் 19ஆம் குறிப்பே வழி சொல்கிறது.

ஒரு மணி நேர ஜெபம் இப்படிப் போகும். முந்தின இரவே நற்செய்திப் பகுதியைத் தேர்ந்து வையுங்கள். உட்காரும் முன் ஓரிரு அடி தள்ளி நின்று, ஆண்டவர் என்னைப் பார்க்கிறார் என்று நினைத்து வணங்குங்கள். பகுதியை மெதுவாக வாசித்து, மனம் எங்கே நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். முடித்தாக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். கடைசியில் நண்பனிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் பேசி, கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடியுங்கள். பிறகு கால் மணி நேரம் வேறிடத்தில் உட்கார்ந்து, எது தொட்டது, எது தடுத்தது என்று நாலு வரி எழுதுங்கள். ஒடுக்கத்தில் துணைநிற்கும் வழிகாட்டியிடம் நாளுக்கு ஒருமுறை சொல்ல வேண்டியது அந்த நாலு வரிதான்.

முதல் நாள் தூக்கம் அழுத்தும். பாவம் என்று பதறாதீர்கள், உடம்பு களைத்திருக்கிறது. அன்று மதியம் தூங்குங்கள். இரண்டாம் நாள் பழைய சண்டையெல்லாம் மனதில் ஏறி வரும். அதோடு மல்லுக்கட்டினால் அது வளரும். வந்ததை அப்படியே ஜெபத்தில் வையுங்கள். ஜெபத்தில் மனம் ஒட்டாத வறட்சி வந்தால் பலரும் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். இஞ்ஞாசியார் சொல்வது நேர்மாறு: மணி முடிந்தும் கொஞ்சம் கூடுதலாக இருங்கள். வறட்சியான வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றவும் கூடாது. மௌனத்தை அதிகம் கெடுப்பது வாயைவிடக் கைபேசி. அணைத்து வைத்தால் போதாது, பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். சாப்பாட்டு மேசையில் சைகை, துண்டுச் சீட்டு, கண்ஜாடை இவையும் பேச்சுதான். அண்மையில் துக்கம் நடந்தவர்களும் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களும் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். நீண்ட மௌனம் அவர்களை வருத்தக்கூடும்.

பங்கு அறிவிப்பில் எழுதும்போது, பிரசங்கக் கூட்டம் என்றால் 'தியானம்' என்றும், மௌனம் உண்டென்றால் 'மூன்று நாள் ஞான ஒடுக்கம், முழு மௌனம்' என்றும் எழுதுங்கள். வருகிறவர்கள் அதற்கேற்ப லீவு போட்டு, வீட்டிலும் சொல்லிவிட்டு வருவார்கள்.