ஜீப் புதையும் மணலில் மேடு எப்படி நிற்கிறது?

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் கடலோரமாகப் போயிருந்தோம். நண்பரின் நாலு வீல் டிரைவ் ஜீப். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் வெள்ளை வெளேரென்று மணல்மேடு. ஒரு ஏறு ஏறிப் பார்க்கலாம் என்று அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். இருபது அடி போயிருப்போம். பின்சக்கரங்கள் சுழன்றபடியே கீழே இறங்க ஆரம்பித்தன. இன்னும் மிதித்தார், இன்னும் இறங்கின. அச்சு மணலைத் தொட்டதும் வண்டி நின்றுவிட்டது.

பக்கத்தில் படகு நிழலில் வலையைச் சரி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "மிதிக்காத தம்பி, மிதிச்சா தோண்டிக்கினே போவும். காத்த எறக்கு" என்றார். இறக்கினோம். நான்கு பேர் தள்ள, வண்டி வெளியே வந்தது. கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: "ஈரத்துப் பக்கமாவே போங்க. மேட்டு மேல ஏத்தாதீங்க, கொடி அறுந்துடும்."

முதலில் சொன்னது வண்டியைக் காப்பாற்ற. இரண்டாவது மேட்டைக் காப்பாற்ற. இரண்டும் தனித்தனி அறிவுரைகள் என்றுதான் அன்று நினைத்தேன். படித்துப் பார்த்த பிறகுதான் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அறிவியல் என்று புரிந்தது.

காற்றை இறக்குவதிலிருந்து தொடங்குவோம். ஜீப்பின் எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ விழுகிறது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான். தார்ச்சாலைக்காக 32 பி.எஸ்.ஐ. பிடித்திருந்தால், அந்த 400 கிலோவும் சுமார் 180 சதுர செ.மீ. பரப்பில் நிற்கும். விரல்களோடு சேர்த்து ஒரு கையைத் தரையில் விரித்து வைத்தால் மறைகிற இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காற்றைப் பாதியாக, 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் பரப்பு இரண்டு மடங்காகிறது. டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் படுக்கிறது. கொஞ்சம் புல்டோசரின் சங்கிலிச் சக்கரம் மாதிரி ஆகிவிடுகிறது என்று சொல்லலாம். எடை மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு சதுர செ.மீ. மணலும் தாங்க வேண்டிய சுமை பாதியாகிவிட்டது. ரொம்பவும் இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றுப் பிடிக்கவும் வேண்டும், இல்லையென்றால் ஓட ஓட டயர் சூடாகிக் கிழியும்.

சரி, மணலால் ஏன் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை? மணல்மணி என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். தனி மணியாகப் பார்த்தால் எஃகைவிடக் கடினம். மணிக்கும் மணிக்கும் நடுவில் ஒட்டு இல்லை, உராய்வு மட்டும்தான் இருக்கிறது. உராய்வு வேண்டுமென்றால் யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆழத்தில் இருக்கும் மணலை மேலே கிடக்கும் மணலின் எடை அழுத்திப் பிடிக்கிறது. மேல்மட்ட மணலைப் பிடிக்க எதுவும் இல்லை. அதனால் சக்கரம் அழுத்தியதும் மணிகள் பக்கவாட்டில் விலகி வழிவிடுகின்றன.

மேட்டு மணலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கொத்தனார் கலவை போடும்போது ஜல்லி, மணல், சிமெண்ட் என்று பல அளவுகளைச் சேர்ப்பது, பெரியதன் இடுக்கில் சின்னது போய் உட்காரட்டும் என்பதற்காக. காற்று செய்வது இதற்கு நேர் எதிர். அது தூக்கக்கூடிய அளவு மணிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து குவிக்கிறது. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, கால் மி.மீ. அளவில், முனை மழுங்கியவை. கோலிக்குண்டுகளைக் கொட்டி வைத்த மாதிரி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. சக்கரத்தைச் சுழற்றினால், அது மணலைப் பின்னால் வாரி எறிந்துவிட்டுத் தான் வெட்டிய குழியில் தானே உட்கார்ந்துகொள்கிறது. "தோண்டிக்கினே போவும்" என்று பெரியவர் சொன்னது இதைத்தான்.

இதை முறையாக ஆராய்ந்தவர் ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேயப் படைப் பொறியாளர். 1920களிலும் 30களிலும் எகிப்து, லிபியா பாலைவனங்களில் ஃபோர்டு கார்களை ஓட்டிப் பார்த்தார். டயரில் காற்றைக் குறைப்பது, புதைந்த சக்கரத்துக்கு அடியில் எஃகுப் பட்டைகளைச் செருகுவது எல்லாம் அவர் குழு பழகி எடுத்த வழக்கங்கள். அவர் அதோடு நிற்கவில்லை. இந்த மணல் எப்படி இங்கே வந்து இவ்வளவு ஒழுங்கான குன்றாக நிற்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பி, காற்றுச் சுரங்கம் கட்டி, மணலை ஊதிப் பார்த்து, 1941-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். காற்றில் மணல் நகர்வதைப் பற்றி இன்று ஆராய்பவர்களும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். வண்டி புதைந்ததிலிருந்து மேடு வளர்வதற்குப் போன அவருடைய பாதைதான் இந்தக் கட்டுரையின் பாதையும்.

நடுவில் ஈரம். அலை வந்துபோகும் ஓரத்தில் சைக்கிளே ஓட்டலாம், பத்தடி மேலே காய்ந்த மணலில் நடந்தாலே கால் வலிக்கிறது. மணல் கொஞ்சமாக நனைந்திருக்கும்போது மணிகள் தொடுகிற இடங்களில் குட்டிக் குட்டி நீர்ப்பாலங்கள் உருவாகின்றன. நீரின் பரப்பு இழுவிசை அந்தப் பாலங்கள் வழியாக மணிகளைச் சேர்த்து இழுக்கிறது. பிள்ளைகள் கட்டும் மணல்வீடு நிற்பது இதனால்தான். தண்ணீர் அளவுக்கு மீறி, இடுக்கெல்லாம் நிறைந்துவிட்டால் பாலமே இருக்காது, மணல் குழம்பாகிவிடும். எகிப்தில் சுமார் 1900 கி.மு. காலத்துக் கல்லறை ஓவியம் ஒன்றில், பெரிய சிலையை ஏற்றிய சறுக்குவண்டியைப் பலர் இழுக்க, ஒருவர் முன்னால் நின்று மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். சரியான அளவு ஈரம் இருந்தால் இழுக்க வேண்டிய விசை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. காய்ந்த மணலில் வண்டிக்கு முன்னால் குவியும் மணல்தான் தடை, ஈர மணலில் அது குவிவதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஈர மணலில் காலை ஊன்றினால் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்த மாதிரி ஆகும், பார்த்திருப்பீர்கள். 1885-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கு விளக்கம் சொன்னார். நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் மணிகள் நகர வேண்டுமென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் தாண்ட வேண்டும். அப்போது இடைவெளி பெரிதாகிறது, மேலே இருந்த தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது.

மணற்சறுக்குக்கு வருவோம். இந்தப் பக்கத்து மேடுகளில் பலகையை வைத்துச் சறுக்கலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். காய்ந்த மணலைக் கொட்டினால் அது சுமார் 32 முதல் 34 பாகை வரைதான் சாய்ந்து நிற்கும். அதற்கு மேல் செங்குத்தானால் சரிந்துவிடும். பலகைக்கும் மணலுக்கும் உராய்வுக் கெழு (உராய்வு எவ்வளவு வலுவானது என்று சொல்லும் எண்) 0.5 என்று வைத்துக்கொண்டால், சரிவு 27 பாகையைத் தாண்டினால்தான் பலகை தானாக நகரும். ஆக, சறுக்கக் கிடைப்பது அந்த ஆறேழு பாகை இடைவெளி. அடியில் மெழுகு தேய்ப்பது உராய்வைக் குறைத்து அந்த இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்கத்தான். 33 பாகைச் சரிவில் ஆறு மீட்டர் நீளம் சறுக்கினால் மூன்று விநாடி ஓட்டம், முடிவில் மணிக்கு 14 கி.மீ. வேகம். சைக்கிள் வேகம். பெருவின் இக்கா பக்கமும் நமீபியாவிலும் நூறு மீட்டர் அளவுக்கு உயர்ந்த பாலைவனக் குன்றுகள் இருக்கின்றன, அங்கே அது விளையாட்டு. நம் மேடுகள் சில மீட்டர் உயரம்தான். இங்கே அந்த மூன்று விநாடிக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்று அடிக்கும்போது காய்ந்த மணல்மணிகள் தத்த ஆரம்பிக்கின்றன. ஒரு மணி எழும்பி, காற்றோடு கொஞ்ச தூரம் போய், விழுந்து, விழுந்த இடத்தில் வேறு மணிகளை உதைத்து எழுப்புகிறது. பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குக் கீழேதான் இந்த ஓட்டம். பிற்பகல் கடற்காற்றில் கணுக்காலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதே, அதுதான். வழியில் காற்று தளர்கிற ஓர் இடம் கிடைத்தால் மணிகள் அங்கே விழுந்து தங்கும். பாலைவனத்தில் அந்த இடத்தை ஏற்கெனவே இருக்கும் மணற்குவியலே தருகிறது. நம் கரையில் அதைத் தருவது செடி.

அடும்பு என்று சங்கப் பாடல்கள் சொல்லும் கொடி. ஆட்டின் குளம்பு போலப் பிளந்த இலை, ஊதா நிறப் பூ. அதோடு இராவணன் மீசை என்ற முள்முள்ளான புல். அதன் கதிர் உருண்டையாகக் காற்றில் உருண்டோடுவதைப் பிள்ளைகள் துரத்துவார்கள். இவை காற்றின் வேகத்தைத் தரையோடு குறைக்கின்றன, மணல் விழுகிறது, செடி புதைகிறது. புதைந்தால் சாகாமல் கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே ஏறுகிறது. ஏறினதால் இன்னும் மணல் விழுகிறது. எக்கர் என்று நம் முன்னோர் அழைத்த கடலோர மணல்மேடு இப்படிச் செடியும் மணலும் மாறி மாறி ஏறி வளர்வது. வேர்களுக்கு ஈரமும் உண்டு. மேலே காய்ந்த மணல் மூடிபோல் இருந்து ஆவியாதலைத் தடுப்பதால், நல்ல கோடையிலும் ஒரு முழம் தோண்டினால் மணல் குளிர்ந்து ஈரமாக இருக்கும்.

இப்போது சக்கரம் கொடி மேல் ஏறுகிறது. மணலுக்கு ஒன்றும் ஆகாது, அது மறுபடி சரிந்து கிடக்கும். அறுவது கொடி. கொடி போன இடத்தில் காற்றைத் தளர்த்த ஆளில்லை. காற்று அந்த வெற்றிடத்துக்குள் நெருக்கிக்கொண்டு புகுந்து இன்னும் வேகமாகிறது, பள்ளம் பறிக்கிறது, பள்ளத்தின் ஓரத்து வேர்களும் வெளியே வந்து காய்கின்றன. ஒரே தடத்தில் நாலு வண்டி போனால் போதும், மேட்டில் வாசல் திறந்துவிடும். சறுக்குப் பலகையும், ஒரே சரிவில் திரும்பத் திரும்ப ஏறும் கால்களும் செய்வது அதையேதான். பாலைவனக் குன்று காற்றால் ஆனது, அதன் காயத்தைக் காற்றே ஆற்றும். நம் மேட்டின் காயத்தைக் காற்று பெரிதாக்குகிறது.

மேடு போனால் என்ன போகும்? முதலில் தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பைத் தள்ளி வைக்கும். உப்புநீருக்கும் நன்னீருக்கும் இருக்கும் சின்ன அடர்த்தி வித்தியாசம் போடுகிற கணக்கு இது. கடலுக்குப் பக்கத்திலேயே ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்க முடிவது இதனால்தான். மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கீழே 40 மீட்டர் போய்விடும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே ஏறியது இந்தக் கணக்கின்படிதான். நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டதும் இதே காட்டுப்பள்ளியில்தான். அப்புறம் கடல். 2004 டிசம்பர் 26 அன்று மேடு உயர்ந்து நின்ற இடங்களில் ஆழிப்பேரலையின் வேகம் தணிந்தது, மேட்டை வெட்டித் திறந்த இடங்களில் தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

வடசென்னையில் போன மேடு திரும்பி வருவது மற்ற இடங்களைவிடக் கடினம். தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்பார்கள், எதிர்த்திசையில் வருவது வன்னி. ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் கரையோர மணல் போவது வடக்கு நோக்கித்தான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் எழுந்ததும் அதற்குத் தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளை கடல் தின்றது. இன்று அங்கே கருங்கற்கள்தான். எண்ணூரில் 2001 முதல் இன்னொரு துறைமுகம், அதற்கு மேலே காட்டுப்பள்ளியில் ஒன்று. காற்று தூக்க வேண்டுமென்றால் காய்ந்த மணல் வேண்டும், அதற்கு அகலமான கரை வேண்டும். கரை குறுகினால் மேட்டுக்குச் சாப்பாடு இல்லை.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011-லும் 2019-லும், மணல்மேடுகளைக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில்தான் வைத்திருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் அலை எட்டாத காய்ந்த மணலில் முட்டையிடும். முட்டை பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வெளியே வரும் குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரு டயர்த்தடம் அதற்குக் கிணறு. நாங்கள் போன மாசி அந்தப் பருவம்தான். அதை நினைத்தால் இன்றும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதன் பிறகு நான் வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்துதான் போகிறேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் போவது நல்லது, கடற்காற்று நன்றாக ஏறியிருக்கும். மேட்டின் அடியில், இராவணன் மீசையின் ஒரு தனிக் குத்தைத் தேடிப் பாருங்கள். காற்று வரும் பக்கம் மணல் வெறுமையாக இருக்கும், மறுபக்கம் வால் மாதிரி ஒரு சிறு மணல்கோடு நீண்டிருக்கும். அந்த வாலின் நுனியில் ஒரு சவுக்குக் குச்சியை நட்டுவிட்டு, அலையோரமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். காற்று நன்றாக அடித்த நாட்களில், திரும்பி வந்தபோது வாலின் நுனி என் குச்சியைத் தாண்டியிருந்தது.