30 டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கும் முன்

சர்வர் பராமரிப்பு என் தொழில். 2024-இல் சீகேட் 30 டெராபைட்டுக்கு மேல் கொள்ளும் ஹார்டு டிஸ்க்கை அறிவித்த பிறகு, பலரும் கேட்பது ஒன்றுதான்: உள்ளே லேசர் வைத்துச் சூடாக்கி எழுதுகிறார்களாமே, நம்பி வாங்கலாமா?

ஒளியால் எழுதும்போது, புள்ளி சிறுத்தால்தான் அதே இடத்தில் அதிகம் எழுதலாம். ஆனால் லென்ஸால் குவிக்கும் ஒளிப்புள்ளியை அதன் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் கீழே சுருக்க முடியாது. சிடியில் 780 நானோமீட்டர், டிவிடியில் 650, புளூ-ரேயில் 405 என்று அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது அதனால்தான். இன்னும் குறைத்தால் புற ஊதா. அதைப் பிளாஸ்டிக் வட்டே விழுங்கத் தொடங்கிவிடும்.

தப்பிக்க ஒரு சந்து உண்டு. அலைநீளத்தைவிடச் சிறிய துளை வழியே ஒளியை விட்டால், துளையை ஒட்டிய இடத்தில் மட்டும் புள்ளி துளையளவே இருக்கும். கொஞ்சம் விலகினாலும் பரவிவிடும். 1928-இலேயே அயர்லாந்து அறிவியலாளர் எட்வர்ட் சின்ஜ் சொன்ன யோசனை இது. 1992-இல் பெல் ஆய்வகத்தில் எரிக் பெட்சிக் குழுவினர் ஒளியிழை முனையால் இப்படி பிட்டுகளை (0 அல்லது 1 என்ற தரவுத் துணுக்குகளை) எழுதிப் படித்தும் காட்டினார்கள். ஆனால் கழற்றி மாட்டும் வட்டுகளில் இது கரைசேரவில்லை. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு தூசி போதும், கதை முடிந்தது.

மூடிய ஹார்டு டிஸ்க்குக்குள் அந்தத் தொல்லை குறைவு. பிட் சிறுத்தால் அதன் காந்தத் திசை தானாகவே புரண்டுவிடும் என்பதால் திசையை விடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்பு-பிளாட்டினக் கலவை பூசுகிறார்கள். அது சாதாரண வெப்பத்தில் எழுத இடம் கொடுக்காது. லென்ஸால் சூடாக்கினாலோ பக்கத்துத் தடங்களும் அழியும். எனவே எழுதும் தலையில் உள்ள நுண்ணிய உலோக ஆன்டெனா, லேசர் ஒளியைச் சில பத்து நானோமீட்டருக்குள் அடக்குகிறது. அந்தப் புள்ளி மட்டும் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஏறத்தாழ ஒரு நானோநொடியில் ஆறிவிடுகிறது. டிஸ்க் முழுவதும் கொதிக்கும் என்ற பயம் வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு. கொள்ளளவு ஏறிய அளவுக்கு வேகம் ஏறவில்லை. நொடிக்கு 250 மெகாபைட் என்று வைத்தாலும் 30 டெராபைட்டை ஒருமுறை எழுதி முடிக்க 33 மணி நேரம். பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி அமைப்பது ரெய்டு 5. அதில் ஒன்று பழுதானால், மாற்று டிஸ்க் நிரம்பும்வரை மற்றவை இடைவிடாமல் உழைக்க வேண்டும். அந்த நேரத்தில் இன்னொன்றும் விழுந்தால் எல்லாம் போச்சு. இந்த அளவுக்கு, இரண்டு டிஸ்க் பழுதானாலும் தாங்கும் ரெய்டு 6 தான் சரி. தவறுதலாக அழித்த கோப்பை அதுவும் மீட்டுத் தராது. பேக்கப் வேறொரு கருவியில், வேறோர் இடத்தில் இருக்கட்டும்.