ஹார்மோன் கூடுதலாக இருக்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை

வலிப்பு என்று ஓரிரு வருடம் மருந்து சாப்பிட்டுவிட்டு, யாரோ ஒரு மருத்துவர் கால்சியத்தையும் பார்த்துவிடலாமே என்று எழுதிக்கொடுத்ததால் எங்களைப் போன்ற ஹார்மோன் மருத்துவர்களிடம் வந்துசேரும் பிள்ளைகள் உண்டு. ஃபைலைப் புரட்டினால், 8.5-க்குக் கீழே போகக் கூடாத கால்சியம் 6 என்றிருக்கும், பாஸ்பரஸ் ஏறியிருக்கும், சி.டி. ஸ்கேனில் மூளையின் உட்பகுதியில் கால்சியம் படிந்த வெள்ளைத் திட்டுகள் தெரியும். சரி, கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன் (பி.டி.எச்.) சுரக்கவில்லை போல என்று அந்தப் பரிசோதனை செய்தால் முடிவு தலைகீழாக வரும்: 65-ஐத் தாண்டக் கூடாத இடத்தில் முந்நூறு, நானூறு. "ஹார்மோன் அதிகமாத்தானே டாக்டர் இருக்கு?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஹார்மோன் இருந்தும் உடம்பு அதைக் கேட்காத இந்த நோய்க்கு சூடோஹைப்போபாராதைராய்டிசம் என்று பெயர்.

இந்த ஹார்மோன் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிச்சுவரில் உள்ள ஏற்பியில் வந்து உட்காரும், அவ்வளவுதான். செய்தியை உள்ளே கொண்டுபோவது ஜி புரதங்கள் என்ற குடும்பம். அதில் ஜிஎஸ் ஆல்ஃபா என்பது செல்லுக்குள் செய்தி சொல்லும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறின் உற்பத்தியை முடுக்கிவிடும், செல் வேலையைத் தொடங்கும். வாசலில் காலிங் பெல்லை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகும் ஒயர் அறுந்திருந்தால் யார் கதவைத் திறப்பார்கள்? சிறுநீரகத்தில் இந்த ஒயர் பழுதானால் பாராதைராய்டு சுரப்பி மேலும் மேலும் ஹார்மோனைக் கொட்டும், கால்சியம் மட்டும் ஏறாது. இந்தப் புரதங்களைக் கண்டறிந்ததற்காக கில்மன், ராட்பெல் இருவருக்கும் 1994-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நோயை அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1942-லேயே விவரித்துவிட்டார். புரதத்தைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில், சுரப்பி சரியாக இருக்கிறது, உறுப்புதான் கேட்க மறுக்கிறது என்று அவர் ஊகித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

இந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் முஷ்டியை மடக்கச் சொல்வேன். எல்லோருக்கும் நான்கு முட்டிகள் மேடாக எழும். இவர்களில் பலருக்கு மோதிர விரல், சுண்டு விரல் இருக்கும் இடத்தில் மேட்டுக்குப் பதில் குழி விழும், அங்கே உள்ளங்கை எலும்பு குட்டை. வட்ட முகம், குள்ளமான உருவம், சிறு வயதிலேயே பருமன், தோலுக்கடியில் கல் போன்ற கட்டி, இவையும் சேர்ந்து வரலாம். தைராய்டுக்கும் இதே புரதம்தான் என்பதால் அதைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். லேசாக ஏறியிருக்கும், சிலர் கைக்குழந்தையாக இருந்தபோதே தைராய்டு மாத்திரை தொடங்கியிருப்பார்கள். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

20-ஆவது குரோமோசோமில் உள்ள ஜிஎன்ஏஎஸ் மரபணுதான் இதற்குப் பொறுப்பு. சிறுநீரகத்தின் குறிப்பிட்ட பகுதியில் அம்மாவிடமிருந்து வந்த பிரதிதான் பெரும்பாலும் வேலை செய்யும். பழுது அந்தப் பக்கம் வந்தால் கால்சியம் இறங்கும், அப்பா பக்கம் வந்தால் குட்டை விரலும் குள்ள உருவமும் இருக்கும், கால்சியம் சரியாகவே இருக்கும். இதைச் சொல்லும்போது அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பேசுவேன். "அம்மா வழி" என்ற இரண்டு சொல் போதும், வீட்டுக்குப் போனதும் அந்தப் பெண்ணின் தலையில்தான் பழி விழும். புதிதாகவே தோன்றும் மரபணு மாற்றமும் உண்டு, அம்மாவுக்கே அது அவருடைய அப்பாவிடமிருந்து வந்திருக்கவும் கூடும்.

இதே புரதம் அணையாமல் ஓடிக்கொண்டேயிருந்தால்? கருவாக இருக்கும்போதே ஒரு செல்லில் நேரும் மாற்றத்தால் வருவது மெக்கூன்-ஆல்பிரைட் நோய். மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு ரத்தப்போக்கு, உடம்பில் ஓரம் ஒழுங்கற்ற காப்பி நிறத் திட்டு, லேசான அடியிலேயே முறியும் எலும்பு. மூளைக்கட்டளைக்குக் காத்திராமல் சூலகம் தானாகவே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. குடும்பமே பதறி ஓடிவரும், ஆனால் இது பரம்பரையாக வருவதில்லை. வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து கை, கால், முகம் பெரிதாகும் அக்ரோமெகாலியை உண்டாக்கும் பிட்யூட்டரி கட்டிகளில் ஏறக்குறைய 40 சதவீதத்திலும் இதே மாதிரியான மாற்றம்தான். சொல்லப்போனால் காலரா நச்சு குடலில் செய்வதும் இதுவே, ஜிஎஸ் ஆல்ஃபாவை அணையவிடாமல் பூட்டிவிடுகிறது, உடம்பு நீரெல்லாம் வெளியேறுகிறது.

இதைப் படித்துவிட்டு பி.டி.எச். கூடுதலாக உள்ள எல்லோரும் பயப்பட வேண்டாம். கால்சியம் குறைந்து பி.டி.எச். ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வைட்டமின் டி பற்றாக்குறையைத்தான், அதில் பாஸ்பரஸ் பொதுவாகக் குறைவாகவோ இயல்பாகவோ இருக்கும். பாஸ்பரஸும் ஏறியிருந்தால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பாருங்கள், சிறுநீரகச் செயலிழப்பிலும் இதே படம்தான் வரும். அதுவும் சரியாக, மெக்னீசியமும் சரியாக இருந்தால் அப்புறம் மரபணுப் பக்கம் போகலாம்.

சிகிச்சை சிக்கலானதல்ல, கால்சியமும், வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலும்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் மட்டும் இவர்களுக்குப் போதாது, ஏனென்றால் அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவதும் பி.டி.எச்.தான், அந்த உத்தரவுதான் இங்கே போய்ச் சேருவதில்லையே. வலிப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். மூன்றையும் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவோம், குறைப்போம்.