புற்றுநோயை 'லைட்' வைத்தே கண்டுபிடிக்கலாமா?

"ரேடியேஷன் இல்லாம வெறும் லைட்டை வச்சே கேன்சரைக் கண்டுபிடிக்கிறாங்களாமே டாக்டர், எங்களுக்கும் அதையே பண்ணிடுங்களேன்" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அந்த லைட்டை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு (நியர் இன்ஃப்ராரெட்) ஒளியை, ஆபரேஷன் தியேட்டரில் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் வேலை வேறு.

கல்லீரல் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்ற பச்சைச் சாயத்தை நரம்பு ஊசியாகப் போடுவோம். அமெரிக்காவில் 1959இலேயே அனுமதி பெற்ற மருந்து இது. கல்லீரலின் நல்ல செல்கள் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். அங்கேயே உருவான புற்றுநோய்ச் செல்கள் பல நேரம் உள்ளே வாங்கிக்கொண்டு, வெளியேற்ற முடியாமல் தேக்கிவைக்கும். சுமார் 800 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பாய்ச்சினால் தேங்கிய சாயம் ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்கான கேமராதான் திரையில் காட்டும். பெருங்குடலிலிருந்து பரவிய கட்டி என்றால், கட்டியை விட்டுவிட்டு அதைச் சுற்றி நசுங்கிய ஈரல் திசு வளையமாக ஒளிரும். ஸ்கேனில் தப்பிய மிகச் சிறிய கட்டிகூடச் சில சமயம் இப்படி அகப்படும். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று முடிவெடுக்கும் நேரத்தில் அது பெரிய துணை.

ஆனால் ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல. சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிய ஈரலில் சாதாரண முடிச்சுகளும் ஒளிரும். பயாப்ஸி (திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) பார்ப்பவர் சொல்வதே முடிவு.

சரி, வெளியிலிருந்தே பார்த்தால் என்ன? இந்த ஒளியை ரத்தமும் நீரும் குறைவாகவே உறிஞ்சுவதால், சாதாரண வெளிச்சத்தைவிட ஆழமாகப் போகும். அப்படியும் திசுக்களில் சிதறிவிடுவதால், சாயம் ஒளிர்வது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் தெரியும். தோல், கொழுப்பு, தசை தாண்டி ஈரலுக்குள் எட்டாது. மார்பகம் மென்மையானது என்பதால் அங்கே ஒளியை ஊடுருவவிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன, ஆனால் மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) மாற்றாக அது இன்னும் வரவில்லை.

இதோடு தெர்மோகிராபியைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது உடல் வெளிவிடும் வெப்பத்தைப் படமெடுப்பது. மேமோகிராமுக்கு அது மாற்றல்ல என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. தெர்மோகிராபி ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றிருந்தாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் பயாப்ஸி.

சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களிலும் பலருக்கு இது தேவை, டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், ஐசிஜியில் சிறிது அயோடைடு உண்டு. அயோடின் அலர்ஜி இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.