ஒயின் ருசி பார்க்கப் போனால் துப்பக் கற்றுக்கொள்ளுங்கள்

இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில், ஆல்பாவைச் சுற்றியுள்ள லாங்கே மலைகளில், இலையுதிர் காலம் வந்தாலே இதே தலைவலி. மதியம் மூன்று மணிக்கு, ஒயின் தயாரிக்கும் குடும்பப் பண்ணை ஒன்றில் ருசி விருந்து முடித்து ஒரு கூட்டம் சிரித்தபடி வெளியே வரும். அதில் முகம் சிவந்த ஒருவர் கார் சாவியை எடுப்பார். தடுத்தால், "வயிறு நிறையச் சாப்பிட்டாச்சுங்க, ஒண்ணும் பண்ணாது" என்பார்.

பண்ணும். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறாது என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. சோறோ பாஸ்தாவோ ஆல்கஹாலை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை. வயிற்றில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். பெரும்பகுதி ரத்தத்தில் சேருவது சிறுகுடலில். உணவோடு மெதுவாக இறங்குவதால் உச்சம் சற்றுக் குறையும், ஆனால் தள்ளிப்போகும். மேஜையில் தெளிவாகப் பேசியவருக்கு, லா மோர்ரா ஊரிலிருந்து பரோலோ ஊருக்கு இறங்கும் மலைப்பாதை வளைவுகளில்தான் ஏற ஆரம்பிக்கும். தெளிவாக இருப்பதாக அவர் நினைப்பதே ஆபத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான வரிசை: ஆர்னேயிஸ் வெள்ளை ஒயின், பிறகு சிவப்பு ஒயின்களான தோல்செத்தோ, பார்பேரா, லாங்கே நெபியோலோ, கடைசியில் அதே நெபியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ இரண்டு. பண்ணைக்காரர் தாராளமாக ஊற்றினால் ஒவ்வொன்றும் 75 மில்லி வரும். 13 முதல் 14.5 சதவீதம் என்று வைத்தால், ஆறிலும் சேர்த்துச் சுமார் 50 கிராம் ஆல்கஹால். அரை பாட்டிலுக்கும் மேல். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு, இரண்டு மணி நேர விருந்து முடிந்து எழும்போதும் ரத்தத்தில் லிட்டருக்கு 0.7 கிராம் அளவில் இருக்கலாம். பெண்களுக்குப் பொதுவாக இன்னும் கூடும். இத்தாலியில் சட்ட வரம்பு 0.5. வயது 21-க்குக் கீழே என்றாலோ, லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டு ஆகவில்லை என்றாலோ பூஜ்யம். 0.5-ஐத் தாண்டி 0.8 வரை சிக்கினாலே 573 முதல் 2,170 யூரோ அபராதம், லைசென்ஸ் மூன்று முதல் ஆறு மாதம் முடக்கம். அதற்கு மேலே போனால் குற்ற வழக்கு.

சாப்பாடு முடிந்ததும் "ஜீரணத்துக்கு" என்று ஒரு கிராப்பா வரும், திராட்சைச் சக்கையில் வடித்த சாராயம். 40 சதவீதம், 30 மில்லியில் உள்ள ஆல்கஹால் 75 மில்லி பரோலோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். ஜீரணமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. எஸ்பிரெஸோ குடித்தால் தூக்கம் கலையும், போதை இறங்காது.

தீர்வு மேஜையிலேயே இருக்கிறது: துப்பும் பாத்திரம். அதைத் தொட நம்மவர்களுக்குக் கூச்சம். வீட்டுக்காரர் எதிரிலேயே அவர் ஒயினைத் துப்புவதா என்று தயக்கம். ஐயா, அவரே நிலவறையில் பீப்பாய் பீப்பாயாக எடுத்துப் பார்த்துத் துப்பித்தான் வேலை செய்கிறார். ஒரு வாய் எடுங்கள், பத்து விநாடி வாய் முழுக்கச் சுழற்றுங்கள், உதட்டைக் குவித்து ஒரே பீச்சாகத் துப்புங்கள். முதல் நாள் குளியலறையில் தண்ணீரை வைத்துப் பழகினால் சட்டை தப்பும். துப்பினாலும் சிறிதளவு உள்ளே போகும் என்பதை மறக்க வேண்டாம்.

துப்பினால் ருசி தெரியாது என்பதும் பொய். ருசியைக் குழப்புவது சாப்பாடுதான். நெபியோலோவின் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். அதே பரோலோவை, அதிலேயே மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சியோடு குடித்தால் சாதுவாகிவிடும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் உப்பும் செய்யும் வேலை அது. மேஜையில் மயங்கி ஆறு பாட்டில் வாங்கிப்போய், வீட்டில் வெறுமனே திறந்து, "ஏமாத்திட்டாங்க" என்று புலம்புபவர்கள் உண்டு. ஆகவே உணவு வருவதற்கு முன்பே ஆறையும் வெறும் வாயில் பார்த்துத் துப்பி, குறித்துக்கொள்ளுங்கள். பிடித்த இரண்டை மட்டும் சாப்பாட்டோடு அரைக் கிளாஸ் எடுங்கள். ஹேசல்நட் கேக் வரும்போது பரோலோவைத் தள்ளி வையுங்கள், கசக்கும். 5 சதவீத ஆல்கஹால் உள்ள மொஸ்காத்தோ தாஸ்தி என்ற இனிப்பு வெள்ளை ஒயின் அதற்கென்றே பிறந்தது.

கிளாஸைக் காலி செய்யாதீர்கள். காலியானால் ஊற்றுவது அந்த வீட்டு உபசாரம். அடியில் கொஞ்சம் விட்டு வைத்து, "பஸ்தா, கிராசியே" (போதும், நன்றி) என்றால் புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ, தூக்க மாத்திரையோ, மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உட்காரவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்குத் துப்புவதும் வேண்டாம், மோந்து பார்த்தால் போதும்.

ஓட்டுபவர் யார் என்பதை முன்பதிவின்போதே பண்ணைக்குச் சொல்லிவிடுங்கள். அவர் அந்த அரைக் கிளாஸையும் தொடக் கூடாது. மலை மேல் கை தட்டினால் டாக்ஸி வராது. ஆல்பாவிலிருந்து ஓட்டுநரோடு காரை முதல் நாளே பேசி வையுங்கள். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள், மேலே உள்ள அபராதத் தொகையை இன்னொரு முறை படியுங்கள். ஓட்டுபவர் பாவம் என்று தோன்றினால், அவருக்குப் பிடித்ததில் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுங்கள். ராத்திரி தங்குமிடத்தில் திறக்கட்டும். கார்க்கை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் பரோலோ இரண்டு மூன்று நாள் தாங்கும்.