தும்பாகாவைச் ‘செம்பொன்’ ஆக்காதீர்கள்

கோஸ்டா ரிக்காவின் தெற்கே டிகீஸ் பகுதியில் கிடைத்த தவளைப் பதக்கங்களுக்குத் தமிழில் முன்பெல்லாம் ‘போலித் தங்கம்’ என்று குறிப்பு எழுதினார்கள். இப்போது ‘செம்பொன்’ என்கிறார்கள். இது அழகான தவறு. அதனாலேயே நிலைத்துவிடும்.

மூலச் சொல் தும்பாகா. பொன்னும் செம்பும், பலவேளை கொஞ்சம் வெள்ளியும் சேர்த்து உருக்கிய உலோகக் கலவை. பெயர் அமெரிக்க மண்ணில் பிறந்ததல்ல. மலாயில் தெம்பாகா என்றால் செம்பு, அதை ஸ்பானியர் எடுத்துப் போனார்கள். அதன் வேர் நம் தாமிரத்தின் வேரேதான். கரீபியத் தைனோ மக்கள் இதைக் குவானின் என்றார்கள். கொலம்பஸ் சோதிக்கக் கொடுத்த குவானினில் 32 பங்குக்கு 18 பொன், 6 வெள்ளி, 8 செம்பு.

செம்பையும் பொன்னையும் கூட்டிச் ‘செம்பொன்’ கண்டுபிடித்தவர், அந்தச் சொல் ஏற்கெனவே இருப்பதை மறந்துவிட்டார். செம்மை சேர்ந்த பொன் அது. மாற்றுக் குறையாத உயர்ந்த பொன். கோயில் விமானத்துக்கும் தெய்வத் திருமேனிக்கும் சொல்லிப் பழகியதைச் செம்பு கலந்த பதக்கத்துக்குச் சூட்டினால் படிப்பவர் சொக்கத் தங்கம் என்றே நினைப்பார். பொருள் நேர் தலைகீழ்! ‘கலப்படம்’ என்பதும் ஆகாது. 22 காரட்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் வேறு உலோகம் இருக்கிறது. அந்தத் தாலியைக் கலப்படத் தாலி என்போமா?

செம்பு அங்கே வேலைக்காகச் சேர்ந்தது. பொன் 1064 பாகை செல்சியஸிலும் செம்பு 1085-லும் உருகும். எடையில் பொன் 80-க்குச் செம்பு 20 கலந்தால் 910-ஐ ஒட்டியே இளகிவிடும். மெழுகில் செய்து வார்த்த தவளையின் வாயோரத்துச் சுருள்கள் நூலளவுதான். உருகிய உலோகம் பாதியில் உறைந்தால் சுருள் அரைகுறையாக நிற்கும். வார்த்தபின் சூடேற்றினால் மேற்பரப்புச் செம்பு கருகிப் படலமாகும். புளிப்புச் சாற்றில் இட்டால் அது கரைந்து போகும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்து தேய்த்து மெருகிட்டால் மேலே பொன் மட்டும் மிஞ்சும். இதைத்தான் ‘தங்க முலாம்’ என்கிறார்கள். முலாம் வெளியிலிருந்து பூசுவது. இங்கே எதையும் பூசவில்லை, செம்பைத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தோல் மெல்லியது. அழுத்தித் துலக்கினால் தவளையின் முதுகில் சிவப்பு தெரியும்.

பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான். அலகு வளைந்த பறவை எல்லாவற்றையும் ஸ்பானியர் ‘ஆகிலா’ (கழுகு) என்றார்கள் என்பதற்காக நாமும் எல்லாவற்றையும் கழுகுப் பதக்கம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதே மலாய்ச் சொல் தமிழிலும் தம்பாக்கு என்று எப்போதோ வந்து அகராதியேறிவிட்டது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததற்குத்தானே அந்தப் பெயர் என்பார்கள். உண்மைதான். முன்னால் ‘பொன்’ சேர்த்தால் ஐயம் தீரும்: பொன் தம்பாக்குத் தவளைப் பதக்கம், டிகீஸ்.