டப்பா எத்தனை நாள் வந்தது?

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறந்து 26 நாள். கண் மேலே சொருகியிருந்தது, இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பை நிறுத்தி, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, கூட வந்த அம்மாச்சியிடம் கேட்டேன்.

"பிள்ளைக்கு என்ன பால்?"

"டப்பாப் பாலுதான் டாக்டரம்மா. மகளுக்கு ஆப்பரேசன் பண்ண எடத்துல சீழ் வச்சு ஆஸ்பத்திரியிலயே கெடக்கா. அஞ்சாம் நாள்லருந்து நான்தான் வச்சிருக்கேன்."

"எப்படிக் கலக்குறீங்க?"

"டப்பாவுல போட்டிருக்க மாதிரிதான்."

எல்லோரும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை, டாக்டர் வைவாரோ என்ற பயம். அதனால் நான் இன்னொரு கேள்வி வைத்திருக்கிறேன்.

"இந்த டப்பாவை உடைச்சு எத்தனை நாளாச்சு?"

"மொத டப்பா ஏழு நாள்ல தீந்துருச்சு. இது பதிமூணு நாளா ஓடுது, இன்னும் அடியில கெடக்கு."

அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. மூன்று கிலோப் பிள்ளைக்கு 400 கிராம் டப்பா ஆறேழு நாள் வரும். பதிமூன்று நாள் வந்தால் பாலில் தண்ணீர்தான் கூடியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட்டும் வந்தது. ரத்தத்தில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135-இலிருந்து 145. பிறக்கும்போது 2.9 கிலோ இருந்த பிள்ளை 2.7 கிலோவில் இருந்தான்.

பிறகுதான் விஷயம் மெல்ல வெளியே வந்தது. பிள்ளை குடித்ததும் கக்கியிருக்கிறான். "பாலு கெட்டி, செரிக்கல, தண்ணியாக் கரைச்சுக் குடு" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அம்மாச்சி ஒரு கரண்டிப் பவுடருக்கு 90 மில்லித் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த டப்பாவில் போட்டிருப்பது ஒரு கரண்டிக்கு 30 மில்லி.

இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது பிள்ளை இது. அதனால் இன்று கொஞ்சம் சத்தமாகவே எழுதுகிறேன்.

பால் தண்ணியாக இருந்தால் கக்கல் நிற்காது, கூடும். அந்தப் பிள்ளைக்கு நடந்ததையே பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு சத்துதான் உள்ளே போனது. பசி அடங்காமல் அழுதான். அழுகிறானே என்று 60 மில்லி கொடுத்த இடத்தில் 120 மில்லி கொடுத்தார்கள். அவ்வளவு பிடிக்க அந்த வயிற்றில் இடமில்லை, வெளியே வந்தது. வந்ததும் "இன்னமும் செரிக்கல" என்று இன்னும் தண்ணீர். அத்தனை தண்ணீரை வெளியேற்றப் பச்சைப் பிள்ளையின் சிறுநீரகத்துக்குத் தெம்பு கிடையாது. உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கி வலிப்பு வந்தது. இது சித்திரை வெயிலில் "தாகமா இருக்கும்" என்று தனியாகத் தண்ணீர் கொடுப்பவர்களுக்கும் பொருந்தும். ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம். அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம்.

இந்தத் தண்ணீர் ஊற்றும் யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் தாய்க்குப் பால் இல்லாவிட்டால் வீட்டு மாட்டுப் பால்தான். மாட்டுப் பாலில் புரதமும் உப்பும் தாய்ப்பாலைவிட அதிகம், கன்றுக்கு அது தேவை. அதனால் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்தார்கள், எங்களுக்கு முந்தைய தலைமுறை டாக்டர்களே அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். பாட்டிமார்கள் அந்தக் கணக்கை இன்னும் மறக்கவில்லை. ஆனால் டப்பாப் பவுடரில் அந்தக் குறைக்கிற வேலையெல்லாம் கம்பெனியிலேயே முடிந்துவிட்டது. சொன்ன அளவில் கலந்தால் அது கெட்டியும் இல்லை, தண்ணியும் இல்லை. அதன் மேல் நீங்கள் பழைய கணக்கைப் போட்டால் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றியதாகிவிடும்.

இன்னொன்று, "தயிர் தயிரா வருது, அப்ப செரிக்கலதானே?" வயிற்றில் அமிலம் இருக்கிறது. அதில் பால் பட்டால் திரியும். திரியாமல் வந்தால்தான் இப்போதுதான் குடித்தது என்று அர்த்தம். தயிராக வந்தால் வயிறு தன் வேலையை ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். இதை வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது சொல்கிறேன். பத்துப் பேரும் தலையாட்டிவிட்டு வாசலில் போய் "செரிக்கலையாம்" என்று போனில் சொல்கிறார்கள்.

கக்குவது வேறு, வாந்தி வேறு. "கக்குற பிள்ளை தக்கும்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னது இந்தக் கக்கலைத்தான். உணவுக் குழாயின் அடியில் இருக்கும் மூடி பிறந்த குழந்தைக்கு இறுகியிருக்காது. வாய்க்கடையில் வழியும், தோளில் கொஞ்சம் கொட்டும், பிள்ளை சிரித்துக்கொண்டே இருக்கும். நாலு மாதம் வரை இது கூடக்கூடச் செய்யும், ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலும் நின்றுவிடும். எடை ஏறுகிறதா என்பதுதான் என் ஒரே கேள்வி. இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால், நாலு துணி மாற்ற வேண்டியிருக்கிறது என்பதற்காக மருந்து எழுத மாட்டேன்.

அளவுக்கு வருகிறேன். முதல் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், முதல் நாள் வயிறு கொஞ்சம்தான் பிடிக்கும். ஒரு வாரம் கழிந்தபின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி. மூன்று கிலோ என்றால் 450 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55, 60 மில்லி. என்னிடம் "எல்லாத்தையும் வாந்தி எடுக்குது" என்று வருகிற பிள்ளைகளில் பாதிக்கும் மேல் 90, 100 மில்லி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அழுகிற ஒவ்வொரு அழுகையும் பசி அழுகை இல்லை. உதட்டை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். பாட்டிலில் பத்து மில்லி மிஞ்சினால் கொட்டிவிடுங்கள், காசு போகிறதே என்று திணிக்காதீர்கள்.

கரண்டியில் குவித்து எடுக்கக்கூடாது, அழுத்தியும் நிரப்பக்கூடாது. சுத்தமான கத்தி முதுகால் வழித்துச் சமமாக எடுங்கள். முதலில் தண்ணீரை அளந்துவிட்டுப் பிறகு பவுடர். "கொழுகொழுன்னு வரட்டும்" என்று ஒரு கரண்டி கூடப் போடுபவர்களும் உண்டு. அது எதிர்த்திசைத் தப்பு, அதிலும் சோடியம் கெடும், மலம் இறுகும். ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொரு டப்பாவில் போடாதீர்கள். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மாமா கொண்டுவரும் டப்பாக்களில் சிலவற்றுக்கு ஒரு கரண்டிக்கு 60 மில்லி. பாட்டிலில் ஒரு பக்கம் அவுன்ஸ், ஒரு பக்கம் மில்லி இருக்கும். ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 30 மில்லி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்த ஒரு இன்ஜினியர் அப்பாவை எனக்குத் தெரியும், அதனால் படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

பவுடர் கிருமி நீக்கியது இல்லை. இது பலருக்கும் தெரியாது. கொதிக்கவைத்த தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குமுன், அதாவது இறக்கி அரைமணி நேரத்துக்குள், பவுடரைப் போட்டுவிட்டு, பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்த பால் இரண்டு மணி நேரம்தான். ஒரு சித்திரைத் திருவிழா அன்று, காலையில் அவனியாபுரத்தில் கலந்த பாலைப் பையில் போட்டுக்கொண்டு, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்க்கத் தல்லாகுளம் வந்து, ராத்திரி பத்து மணிக்கு அதையே கொடுத்திருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கியபோது பிள்ளை எங்கள் வார்டில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தது. பிளாஸ்க்கில் வெந்நீரை எடுத்துப் போங்கள், பவுடரைத் தனியாக எடுத்துப் போங்கள்.

கொடுக்கும் விதத்திலும் பாதி வாந்தி இருக்கிறது. படுக்கப் போட்டுப் பாட்டிலை வாயில் சொருகிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகாதீர்கள். தலையைக் கைமடிப்பில் உயர்த்தி, பைய கொடுங்கள். நிப்பிளில் எப்போதும் பால் நிறைந்திருக்கட்டும், காற்று போகக்கூடாது. கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். பால் சீக்கிரம் இறங்கட்டும் என்று ஊசியைக் காய்ச்சி ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தால் அந்த நிப்பிளைத் தூக்கிப் போடுங்கள். சங்கோ பாலாடையோ தப்பில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவதுதான் தப்பு. நடுவில் ஒரு தடவை நிறுத்தி ஏப்பம் விட வையுங்கள், முடிந்ததும் இருபது, முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வையுங்கள்.

அந்த அரைமணி நேரம்தான் யாருக்கும் இல்லை. குடித்த கையோடு சேலைத் தொட்டிலில் போட்டு வேகமாக ஆட்டுகிறார்கள். தொட்டிலில் பிள்ளை வயிறு மடிந்து கிடக்கும், வராத பாலும் வரும். இல்லாவிட்டால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை வாங்கித் தூக்கிப் போட்டுக் கொஞ்சுகிறார்கள். இடுப்பில் டயப்பரும் இறுக்கம், அரைஞாண் கயிறும் இறுக்கம். பிறகு டாக்டர் மருந்து எழுத வேண்டும்! தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வையுங்கள், சமதளத்தில், தலையணை இல்லாமல். கக்கி மூச்சில் ஏறிவிடும் என்று பயந்து குப்புறப் போடாதீர்கள், அதுதான் ஆபத்து.

இனி நான் கோபப்படுகிற இடம். தொக்கம் எடுக்கிறேன், குடலேற்றம் தட்டுகிறேன் என்று ஒரு மாதப் பிள்ளையின் தொண்டையில் விரலை விடுகிறவர்களையும், வயிற்றை உருவுகிறவர்களையும் தேடிப் போகாதீர்கள். உள்ளே எதுவும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. தொண்டை கிழிந்தும் நுரையீரலில் பால் ஏறியும் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம். பேர் சொல்லாதது என்று நாம் மரியாதை கொடுத்தாலும் பிறந்த பிள்ளைக்கு அது நஞ்சாகலாம். மருந்துக் கடையில் "வாந்திக்கு ஒரு சொட்டு மருந்து" கேட்டு வாங்காதீர்கள். சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் அடர்த்தி வேறு, இதயத் துடிப்பைத் தொடுகிற மருந்தும் அதில் உண்டு. கிரைப் வாட்டர் கக்கலை நிறுத்தாது.

டப்பாவை மாற்றிக்கொண்டே இருப்பதும் வைத்தியமில்லை. "எந்த டப்பா நல்லது டாக்டரம்மா?" என்று கேட்டால் நான் பேர் சொல்வதில்லை. இந்தப் பால் பவுடர்களை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. டாக்டர் வாயால் விற்பதும் எனக்கு விளம்பரம்தான். போன வருடம் ஒரு அப்பா ஜவுளிக்கடைப் பையில் நாலு கம்பெனி டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தார். ஐந்து வாரத்து ஆண் பிள்ளை, தலைச்சன். குடித்ததும் பீச்சி அடிக்கிறது, ஓரடி தள்ளிப் போய் விழுகிறது, உடனே மறுபடி பசி என்று அழுகிறது. ஸ்கேனில் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலின் தசை தடித்து அடைத்திருந்தது. இரண்டு முதல் எட்டு வார வயதில் வருவது, ஒரு சின்ன ஆப்பரேசனில் சரியாகிவிடும், ராம்ஸ்டெட் என்ற ஜெர்மன் டாக்டர் 1912-இல் காட்டிக்கொடுத்த வழிதான் இன்றும். நாலு டப்பா மாற்றிய பத்து நாளில் பிள்ளை தோலும் எலும்புமாகியிருந்தது.

பச்சை வாந்தி மட்டும் வேறு சாதி. வெற்றிலை அரைத்த மாதிரிப் பச்சையாக ஒரே ஒரு தடவை எடுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடல் முறுக்கியிருக்கலாம், சில மணி நேரத்திலேயே குடல் செத்துவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை மாதிரி குழந்தைகளுக்கு ஆப்பரேசன் செய்யும் இடத்துக்கே நேராகப் போங்கள். கறை பட்ட துணியைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள். ரத்தம் கலந்து வந்தாலும், வயிறு உப்பிக் கல்லாக இருந்தாலும், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலும், நாளுக்கு ஆறு தடவைகூட ஒன்றுக்குப் போகாவிட்டாலும், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் அடித்தாலும், பால் வேண்டாம் என்று துவண்டு கிடந்தாலும் அன்றே காட்டுங்கள். மலத்தில் ரத்தமும் உடம்பில் தடிப்பும் சேர்ந்திருந்தால் மாட்டுப் பால் புரதம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதற்கு ஆட்டுப் பால் மாற்று இல்லை.

டப்பாப் பால் கொடுப்பதற்காக நான் யாரையும் வைவதில்லை. தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், தாயே இல்லை, தத்தெடுத்த பிள்ளை, ஆயிரம் காரணம் இருக்கும். உசிலம்பட்டிப் பிள்ளை ஆறாம் நாள் வீட்டுக்குப் போனான். போவதற்கு முன் அம்மாச்சியை வார்டிலேயே மூன்று வேளை கலக்க வைத்துப் பார்த்தோம். மூன்றாவது வேளை கத்தி முதுகால் வழித்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்றார்.

ஓபிக்கு வரும்போது டப்பாவை எடுத்து வாருங்கள், அதன் கரண்டியோடு. கலக்கிற பாட்டிலையும். முடிந்தால் கலக்குகிற ஆளையும் கூட்டி வாருங்கள். பெரும்பாலும் அப்பாதான் வருகிறார், எத்தனை கரண்டி என்று கேட்டால் வீட்டுக்குப் போன் போடுகிறார்.